அளவை

மின்னாம்பள்ளி சேகோ ஆலையில்
பாயிண்ட் பார்ப்பது என் வேலை.
ஐந்து கிலோ கிழங்கை அள்ளி
கம்பிக் கூடையில் போட்டு
பீப்பாய்த் தண்ணீரில் முக்கினால்
முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும்.
எவ்வளவு மாவு, எவ்வளவு தண்ணீர்,
பிடுங்குவதற்கு முன் எத்தனை மழை வாங்கிய காடு,
எல்லாம் அந்த முள்ளுக்குத் தெரியும்.
நான் கத்துவேன்.
மாதம்மாள் எழுதுவாள்.

முள் இருபத்தேழில் நின்றால்
இருபத்தாறு என்று கத்த வேண்டும்.
சேர்ந்த அன்று முதலாளி நடத்திய ஒரே பாடம்.
அதையும் வாயால் சொல்லவில்லை,
ஒரு விரலை மடக்கிக் காட்டினார்.

அஞ்சல் வழியில் தத்துவம் படித்தவன் நான்.
ஆத்தூர் பஸ்ஸில்
அயோத்தியாப்பட்டணம் கேட் மூடிக் கிடந்த நேரமெல்லாம்
மடியில் அளவை இயல்.
காண்டல், கருதல், உரை.
கண்ணால் கண்டு அறிவது.
புகையைக் கண்டு நெருப்பை அறிவது.
நம்பத்தக்கவன் சொல்லக் கேட்டு அறிவது.
பதினாறு மதிப்பெண் கேள்வி, பதினான்கு வாங்கினேன்.
இரண்டு எங்கே போனதென்று
இன்றுவரை தெரியாது.

தராசின் முகம் என் பக்கம்.
வண்டியோடு வருகிறவருக்குத் தெரிவது
அதன் தகர முதுகு.
அவருக்கு வாய்த்தது உரை மட்டும்.
உரை என்பது நான்.

புளித்த கிழங்குத் தோல் வாடை
சட்டையோடு வீட்டுக்கு வரும்.
அது மட்டும்தான் வருகிறது என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
சின்னவளுக்குக் காய்ச்சல்.
தெர்மாமீட்டரை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன்.
நூற்றிரண்டு.
"எவ்ளோ?" என்றாள் கனகா, அடுப்படியிலிருந்து.
"நூத்தி ஒண்ணு."

யாரும் விரலை மடக்கவில்லை.
முதலாளி சூரமங்கலத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

கனகா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
என் கையிலிருந்து வாங்கி
அவளே பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை, துணியை நனைத்தாள்.
பிழியும்போதுதான் சொன்னாள்:
"உங்க கணக்குல எப்பவும் ஒண்ணு கூட்டிக்கணும்.
பால் பாக்கி, கைமாத்து, வர்ற நேரம்.
பழகிருச்சு."
கோபமே இல்லை.
உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல்தான் இருந்தது.

விடிய விடிய ஈரத்துணி மாற்றினோம்.
ஜன்னலில் சேர்வராயன் மலை, கறுப்பாய்.
ஏற்காட்டுக்கு ஏறும் வண்டிகளின் வெளிச்சம்
ஒரு வளைவில் மறையும்.
அடுத்த வளைவில் வரும் என்று
கருதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
சில வரவில்லை.

காலையில் முதல் வண்டி
பெத்தநாயக்கன்பாளையம் சடையப்பன்.
நாலு டன்.
கூடையை முக்கினேன், முள் நின்றது.
"இருபத்தேழு."

மாதம்மாள் பேனாவைத் தூக்கி
என்னைப் பார்த்தாள்.
பிறகு எழுதினாள்.

சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
க்ளீனர் பையனிடம் சொன்னார்:
"அப்ப இருபத்தெட்டு இருக்கும்டா.
இந்தத் தடவ நல்ல கெழங்கு."

நான் சொன்னது சரி.
அவர் அறிந்தது தப்பு.
இதற்குப் புத்தகத்தில் ஏதாவது பெயர் இருக்கும்,
தேடவேண்டும்.

டீ நேரத்தில்
நானும் மாதம்மாளும் தராசுக் காலின் நட்டைக் கழற்றினோம்.
ஒன்பது வருஷத் துரு.
அரை டம்ளர் மண்ணெண்ணெய், ஒரு விரலில் ரத்தம்.
பாதிச் சுற்று திருப்பி முடுக்கினோம்.
இப்போது முள் வண்டிகள் நிற்கும் பக்கம் பார்க்கிறது.
எனக்குத் தெரிய வேண்டுமென்றால்
சுற்றிப் போய்
அவர்களோடு நிற்க வேண்டும்.

"முதலாளி பத்தரைக்கு வருவாரு" என்றாள் மாதம்மாள்,
கையைச் சாக்கில் துடைத்தபடி.
"தெரியும்" என்றேன்.

கேட்டில் ஹாரன் கேட்டபோது
போனில் கனகா.
"தொண்ணூத்தொம்பது. கஞ்சி குடிச்சா."

கூட்டவில்லை, கழிக்கவில்லை.
அவள் சொன்னதை
அப்படியே எடுத்துக்கொண்டேன்.